மஷினிமா குழுக்கள்

மஷினிமா குழு என்பது ஒரு நிகழ்பட விளையாட்டைச் சேர்ந்து விளையாடி, அதே விளையாட்டின் உலகத்தைப் படப்பிடிப்புத் தளமாகப் பயன்படுத்தித் திரைப்படங்களை உருவாக்கும் இணையக் குழு ஆகும். விளையாட்டில் வரும் பாத்திரங்கள் நடிகர்களாகின்றன. அதில் உள்ள நகரங்களும் காடுகளும் அரங்குகளாகின்றன. விளையாடுபவர்களில் ஒருவருடைய திரை கேமராவாகிறது. இவ்வாறு உருவாகும் படங்களுக்கு மஷினிமா என்று பெயர். 1996ஆம் ஆண்டு முதல் இத்தகைய படங்கள் வெளிவருகின்றன.

வழக்கமான அசைவூட்டப் படத்தை ஒருவர் தனியாக அமர்ந்து வரைந்து முடிக்கலாம். பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் எடுக்கப்படும் மஷினிமாவில் அது இயலாது. ஒவ்வொரு பாத்திரத்தையும் எங்கோ ஒரு வீட்டில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் இயக்குகிறார். அவர் கோபித்துக்கொண்டு வெளியேறினால் அந்தப் பாத்திரமும் படத்திலிருந்து வெளியேறிவிடும். சம்பளமோ ஒப்பந்தமோ இல்லாத இந்தப் பணியில் ஆட்களைச் சேர்த்து வைத்திருப்பது நட்பு ஒன்றுதான். ஆகவே குழுவை இணக்கமாக நடத்துவது இங்கே படத் தயாரிப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

பெயர்க் காரணம்

இயந்திரம், சினிமா ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை இணைத்து இப்பெயர் உருவாக்கப்பட்டது. தொடக்க காலத்தில் இவை ‘குவேக் படங்கள்’ என்றே அழைக்கப்பட்டன. குவேக் அல்லாத விளையாட்டுகளிலும் படங்கள் வரத் தொடங்கியதால் பொதுப்பெயர் ஒன்று தேவைப்பட்டது. 1998இல் ஆன்டனி பெய்லி, ஹியூ ஹான்காக் ஆகிய இருவரும் இதற்கு ஒரு பெயரைத் தேடினர். பெய்லி முன்மொழிந்த சொல்லை ஹான்காக் எழுத்து மாற்றி எழுதிவிட, அந்த வடிவமே நிலைத்துவிட்டது. அனிமேஷனை நினைவூட்டும் ஒலி அதில் தற்செயலாக அமைந்ததும் பலருக்குப் பிடித்திருந்தது.

தோற்றம்

இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1996இல் குவேக் என்னும் சுடும் விளையாட்டை வெளியிட்டது. இதை இணையத்தின் வழியே பலர் சேர்ந்து ஆடினர். நிரந்தர அணிகளாகச் சேர்ந்தவர்கள் தங்களைக் ‘கிளான்’ என்று அழைத்துக்கொண்டனர். ஓர் ஆட்டத்தைப் பதிவு செய்து பிறகு மீண்டும் பார்க்கும் வசதி குவேக்கில் இருந்தது. இந்தப் பதிவுக் கோப்பில் படங்கள் இருப்பதில்லை. யார் எந்த நொடியில் எங்கே நின்றார், எந்தப் பக்கம் திரும்பினார், எப்போது சுட்டார் என்ற தகவல்கள் மட்டுமே இருக்கும். பார்ப்பவருடைய கணினியில் உள்ள குவேக், அந்தத் தகவல்களைக் கொண்டு காட்சியை மீண்டும் நடத்திக் காட்டும். தொலைபேசி வழி இணையம் மட்டுமே இருந்த காலத்தில் கோப்பு சிறியதாக இருந்தது பெரிய வசதியாக அமைந்தது.

ரேஞ்சர்ஸ் என்ற கிளான் இந்த வசதியைக் கதை சொல்லப் பயன்படுத்தியது. 1996 அக்டோபர் 26 அன்று அவர்கள் வெளியிட்ட ‘டைரி ஆஃப் எ கேம்பர்’ ஏறத்தாழ 100 நொடிகள் மட்டுமே ஓடும் படம். ஓரிடத்தில் ஒளிந்திருந்து மற்றவர்களைச் சுட்டுக்கொண்டே இருக்கும் ஓர் ஆட்டக்காரரை அணியினர் சேர்ந்து வீழ்த்துவதுதான் கதை. அவர் குவேக்கின் உருவாக்குநர்களில் ஒருவரான ஜான் ரொமெரோ என்பது இறுதியில் தெரியவரும். வசனங்கள் எழுத்தாகவே திரையில் தோன்றின. கேமரா எந்த ஆட்டக்காரருடைய கண்ணாகவும் இல்லாமல் தனியே நகர்ந்தது. ஆட்டப் பதிவு திரைப்படமாக மாறியது இந்த இடத்தில்தான்.

அதன் பிறகு ஒருவர் செய்த கருவியை இன்னொருவர் பயன்படுத்தும் வழக்கம் வளர்ந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஊவே கிர்லிக் பதிவுக் கோப்பின் அமைப்பை ஆராய்ந்து விளக்கி எழுதினார். 1997இல் டேவிட் ரைட் அந்தக் கோப்புகளைத் தொகுக்க உதவும் கீகிரிப் என்ற மென்பொருளை வெளியிட்டார். அதே ஆண்டு வெளிவந்த ‘குவேக் டன் குயிக்’, விளையாட்டு முழுவதையும் 19 நிமிடம் 49 நொடிகளில் முடித்துக் காட்டியது. இல் கிளான் என்ற அணி 1998இல், இரண்டு மரவெட்டிகள் வாடகைக்கு வீடு தேடும் நகைச்சுவைப் படமொன்றை உருவாக்கியது. 2000ஆம் ஆண்டில் ஹான்காக் இத்தகைய படங்களுக்கெனத் தனி இணையதளம் தொடங்கினார். அந்த ஆண்டில் வந்த ‘குவாட் காட்’ என்ற படம் சாதாரணக் காணொளிக் கோப்பாக வெளியிடப்பட்டது. விளையாட்டை வாங்காதவர்களும் படத்தைப் பார்க்க முடிந்தது.

படப்பிடிப்பு நடைபெறும் முறை

பரவலாக அறியப்பட்ட மஷினிமா தொடர் ‘ரெட் வெர்சஸ் புளூ’ ஆகும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரைச் சேர்ந்த பெர்னி பர்ன்ஸும் நண்பர்களும் ரூஸ்டர் டீத் என்ற பெயரில் இதை உருவாக்கினர். முதல் அத்தியாயம் 2003 ஏப்ரல் 1 அன்று வெளியானது. ஹேலோ என்ற விளையாட்டின் சிவப்பு, நீல அணி வீரர்கள் போர் செய்யாமல் வீண்பேச்சுப் பேசிக்கொண்டிருப்பதே இதன் நகைச்சுவை. இத்தொடர் எடுக்கப்பட்ட முறை இன்றும் பல குழுக்களுக்கு மாதிரியாக உள்ளது. அதன் படிநிலைகள் வருமாறு:

1. கதையும் வசனமும் எழுதி முடிக்கப்படுகின்றன.

2. குரல்கள் முதலில் பதிவு செய்யப்படுகின்றன. குரல் கொடுப்பவரும் பாத்திரத்தை இயக்குபவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை.

3. ஒலியை ஓடவிட்டு, அதற்கேற்ப ஆட்டக்காரர்கள் பாத்திரங்களை இயக்குகிறார்கள். ஹேலோ வீரர்கள் தலைக்கவசம் அணிந்திருப்பதால் வாய் தெரியாது. ஆகவே பேசுபவரின் தலையை ஆட்டிக் காட்டுவார்கள்.

4. ஓர் ஆட்டக்காரர் நடிக்காமல் நின்று பார்க்கிறார். அவருடைய திரையே பதிவு செய்யப்படுகிறது. திரையில் தெரியும் தோட்டா எண்ணிக்கை போன்ற தகவல்களை மறைக்க மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் சேர்க்கப்படுகின்றன.

5. பதிவான ஷாட்டுகள் தொகுக்கப்பட்டு, இசையும் ஒலிகளும் சேர்க்கப்படுகின்றன.

முதல் ஹேலோவில் வீரர்கள் எப்போதும் துப்பாக்கியை நீட்டியபடியே நிற்பார்கள். இருவர் நின்று பேசும் காட்சிக்கு இது பொருந்தாது. கைத்துப்பாக்கியைத் தரையை நோக்கித் தாழ்த்தினால், மற்றவர்களுக்கு அந்த வீரர் நேராக நிமிர்ந்து பார்ப்பது போலத் தோன்றும் என்பதைக் குழுவினர் கண்டறிந்தனர். விளையாட்டில் இருந்த அந்தக் குறையே அவர்களுக்கு வசதியாகிவிட்டது. பின்னர் ஹேலோ 2 வெளிவந்தபோது, ஆயுதத்தைத் தாழ்த்தும் வசதி அதில் முறையாகவே சேர்க்கப்பட்டது.

பின்னாளில் தனியாகவும் படம் எடுக்க உதவும் கருவிகள் வந்தன. வால்வ் நிறுவனம் 2012இல் சோர்ஸ் ஃபிலிம்மேக்கர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. கேரிஸ் மாட் என்ற விளையாட்டில் பாத்திரங்களைப் பொம்மைகளைப் போல வளைத்து நிறுத்தலாம். ஆயினும் குரல், இசை, மாதிரியுரு, எழுத்து ஆகியவற்றுக்கு அங்கும் பிறரின் உதவி தேவைப்படுகிறது.

குழுவின் அமைப்பு

சிறிய குழுவில் ஐந்தாறு பேர் இருந்தாலே படம் எடுக்கலாம். எனினும் பணிகள் பிரித்து எழுதப்பட்டிருப்பது நல்லது. இயக்குநர், கதாசிரியர், கேமரா ஆட்டக்காரர், பாத்திரங்களை இயக்குபவர்கள், குரல் நடிகர்கள், படத்தொகுப்பாளர் ஆகியோர் படத்துக்குரியவர்கள். நிருவாகி, மட்டுறுத்துநர், ஆவணக் காப்பாளர் ஆகியோர் குழுவுக்குரியவர்கள். இந்த இரண்டு அதிகாரங்களையும் ஒருவரிடமே குவிக்காமல் இருப்பது பல சண்டைகளைத் தவிர்க்கும். இயக்குநரே மட்டுறுத்துநராகவும் இருந்தால், காட்சி பற்றி அவரோடு மாறுபட்டுப் பேசும் உறுப்பினர் தன்னை வெளியேற்றிவிடுவாரோ என்று தயங்குவார். கருத்து சொல்லத் தயங்கும் குழுவில் படமும் மெருகேறாது.

விளையாட்டு நேரத்தையும் படப்பிடிப்பு நேரத்தையும் தனித்தனியாக வைப்பது இரண்டாவது தேவை. விளையாட வந்தவருக்குக் குதிக்கவும் ஓடவும் சுடவும் தோன்றும். படப்பிடிப்பில் அவர் 10 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டியிருக்கும். ஒருவர் விளையாட்டாக ஒருமுறை குதித்தால் எல்லாருடைய டேக்கும் வீணாகும். வாரத்தில் ஒரு நாள் படப்பிடிப்பு, மற்ற நாட்களில் வெறும் விளையாட்டு என்று வகுத்துக்கொண்டால் இந்த எரிச்சல் குறையும். படப்பிடிப்பு மட்டுமே நடக்கும் குழுவில் சலிப்பு வரும். விளையாட்டு மட்டுமே நடக்கும் குழுவில் படம் முடியாது.

நேரத்தைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். லண்டனில் குளிர்காலப் பிற்பகல் 2.30 மணி என்றால் டொராண்டோவில் காலை 9.30, சிங்கப்பூரில் இரவு 10.30 ஆகும். கோடையில் லண்டனிலும் டொராண்டோவிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்படும். சிங்கப்பூரில் அவ்வாறு செய்வதில்லை. எனவே அதே லண்டன் பிற்பகல் 2.30, கோடையில் சிங்கப்பூரில் இரவு 9.30 ஆகிவிடும். மேலும் கனடாவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்றும், பிரித்தானியாவில் அம்மாத இறுதி ஞாயிறன்றும் இந்த மாற்றம் நிகழ்கிறது. இடைப்பட்ட நாட்களில் வழக்கமான கணக்கு பொய்த்துப்போகும். அறிவிப்புகளில் ஒருங்கிணைந்த உலக நேரத்தைக் குறிப்பிட்டால் குழப்பம் வராது.

விதிகள்

நட்பான குழுவுக்கு விதிகள் வேண்டாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. எழுதப்பட்ட விதி இல்லாத குழுவிலும் விதிகள் இருக்கும். அவை பழைய உறுப்பினர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். புதியவர் அறியாமல் அவற்றை மீறி அவமானப்படுவார். ஆகவே விதிகள் குறைவாகவும், எல்லாரும் படிக்கும் இடத்திலும் இருக்க வேண்டும். பெரும்பாலான குழுக்களுக்குப் பின்வருவன போதுமானவை:

- சாதி, மதம், மொழி, பாலினம், உடல், உச்சரிப்பு ஆகியவற்றை வைத்து யாரையும் கேலி செய்யக் கூடாது.

- குரல் உரையாடலைப் பதிவு செய்யும் முன் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். நகைச்சுவைக்காகக்கூட ஒருவருடைய குரலை அவரது ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது.

- படப்பிடிப்பு நேரத்தில் இயக்குநரின் சொல்லே இறுதியானது. படப்பிடிப்பு முடிந்தபின் எவரும் மாற்றுக் கருத்தைச் சொல்லலாம்.

- காட்சியைக் குறை சொல்லலாம். அதை உருவாக்கிய ஆளைக் குறை சொல்லக் கூடாது.

- வர இயலாதவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தேர்வு, வேலை, குடும்பம் ஆகியவை படத்துக்கு முந்தியவை.

விதி மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலில் தனியாகச் சொல்லி விளக்குவது, அடுத்து எச்சரிக்கை, பின் சில நாட்கள் விலக்கி வைத்தல், கடைசியாக நீக்கம் என்ற வரிசை பொதுவாகப் பின்பற்றப்படுகிறது. மிரட்டல், பாலியல் தொந்தரவு, பிறருடைய தனிப்பட்ட தகவலை வெளியிடுதல் ஆகியவற்றுக்கு இந்தப் படிகள் பொருந்தா. உடனே நீக்குவதே முறை. எவ்வளவு திறமையான படத்தொகுப்பாளராக இருந்தாலும் இதில் விலக்கு அளிக்கக் கூடாது. ஒருவருக்கு விலக்கு அளித்த நாளிலிருந்து விதிகளை யாரும் நம்ப மாட்டார்கள்.

புதியவர்களை வரவேற்றல்

புதிதாக வருபவருக்கு முதல் வாரத்திலேயே சிறிய பணி ஒன்றைக் கொடுப்பது சிறந்தது. கூட்டத்தில் ஒருவராக நிற்பது, ஒரு வரி வசனம் பேசுவது, பதிவுகளைப் பெயரிட்டு அடுக்குவது போன்றவை இதற்கு ஏற்றவை. பெயர்ப் பட்டியலில் தன் பெயரைப் பார்த்தவர் குழுவைத் தன்னுடையதாக எண்ணுவார். பல மாதங்கள் பார்வையாளராகவே இருக்க நேர்ந்தவர் அமைதியாகப் போய்விடுவார்.

முன் அனுபவம் இல்லாதவரை ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்கு அலெக்ஸ் சானின் படம் சான்றாகும். 2005 அக்டோபர் இறுதியில், பாரிசுக்கு அருகே உள்ள கிளிஷி-சூ-புவா பகுதியில் காவலர்களிடமிருந்து தப்பி ஒளிந்த இரு சிறுவர்கள் மின்நிலையத்தில் மின்சாரம் தாக்கி இறந்தனர். அதைத் தொடர்ந்து பிரான்சு முழுவதும் கலவரங்கள் வெடித்தன. திரைத்துறை அனுபவம் ஏதுமில்லாத சான், லயன்ஹெட் நிறுவனத்தின் ‘தி மூவீஸ்’ விளையாட்டைக் கொண்டு அடுத்த மாதமே ‘தி ஃபிரெஞ்ச் டெமாக்ரசி’ என்ற குறும்படத்தை வெளியிட்டார். புறநகர் இளைஞர்களின் பக்கமிருந்து அந்தக் கலவரத்தை அது காட்டியது. விளையாட்டில் பாரிசு நகரக் காட்சிகள் இல்லாததால், அமெரிக்க நகரம் போன்ற பின்னணிகளையே அவர் பயன்படுத்தினார். இந்தக் குறைகளைக் கடந்து படம் உலகெங்கும் பேசப்பட்டது.

அந்நியரை எதிர்கொள்ளல்

பொது வழங்கிகளில், அதாவது யாரும் நுழையக்கூடிய சர்வர்களில், படப்பிடிப்பு நடக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் வந்து குழப்பம் செய்வதுண்டு. மைன்கிராஃப்ட் போன்ற விளையாட்டுகளில் குழுவே தனி வழங்கி நடத்தலாம். அனுமதிப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் நுழைவார்கள். இது எளிய தீர்வு. எல்லா விளையாட்டிலும் எல்லாக் காட்சிக்கும் இது பொருந்தாது.

‘கிராண்ட் தெஃப்ட் ஹாம்லெட்’ என்ற ஆவணப்படம் மாற்று வழி ஒன்றைக் காட்டுகிறது. கொரோனா ஊரடங்கால் பிரித்தானிய நாடக அரங்குகள் மூடப்பட்டிருந்தன. வேலையற்றிருந்த நடிகர்கள் சாம் கிரேன், மார்க் ஊஸ்டர்வீன் இருவரும் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ இணையவழி விளையாட்டில் திறந்தவெளி அரங்கம் ஒன்றைக் கண்டு, அங்கே ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தை நடத்த முயன்றனர். நடிகர் தேர்வுக்கு அந்நியர்களையே அழைத்தனர். சிலர் வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். சிலர் நின்று கேட்டார்கள். நின்றவர்களுள் சிலர் நடிகர்களானார்கள். கிரேனும் பின்னி கிரில்ஸும் இயக்கிய இந்தப் படம் முழுவதும் விளையாட்டுக்குள்ளேயே எடுக்கப்பட்டது. 2024இல் ஆஸ்டினில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் இது ஆவணப்படத்துக்கான நடுவர் குழு விருதைப் பெற்றது.

சிறார் பாதுகாப்பு

இத்தகைய குழுக்களில் பள்ளி மாணவர்களும் வயது வந்தவர்களும் ஒன்றாக இருப்பது இயல்பு. விளையாட்டில் எல்லாருக்கும் ஒரே உயரம், ஒரே கவசம். மறுபக்கத்தில் இருப்பவரின் வயது தெரியாது. ஆகவே பாதுகாப்பை நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது.

டிஸ்கார்டு உள்ளிட்ட பல உரையாடல் செயலிகள் 13 வயதுக்கு உட்பட்டோரை அனுமதிப்பதில்லை. அந்த வயது வரம்பைக் குழுவும் மதிக்க வேண்டும். சிறாருடன் பேசுவது பொது அறையிலேயே நடக்க வேண்டும்; வயது வந்த உறுப்பினர் சிறாருக்குத் தனிச் செய்தி அனுப்பும் பழக்கத்தை அனுமதிக்கலாகாது. உண்மைப் பெயர், பள்ளி, முகவரி, ஒளிப்படம் ஆகியவற்றை யாரும் கேட்கக் கூடாது. பெயர்ப் பட்டியலில் புனைபெயரே போதும். சிறாரின் குரல் படத்தில் வருமானால் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ‘வீட்டில் சொல்லாதே’ என்று ஒருவர் சொல்வதே ஆபத்தின் அறிகுறி என்பதைச் சிறாருக்கு முன்கூட்டியே விளக்க வேண்டும். பரிசுகளும் விளையாட்டுப் பணமும் கொடுத்து நெருங்குபவர்களைப் பற்றியும் சொல்லி வைக்க வேண்டும்.

தீங்கு நேர்ந்தால் உரையாடலை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துவிட்டு, பெற்றோருக்கும் உரிய அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் சிறார் உதவி எண் 1098, இலங்கையில் 1929. குழுவின் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பது மிகப் பெரிய தவறு.

உரிமைகள்

மஷினிமாவில் உள்ள பாத்திரங்களும் இடங்களும் விளையாட்டு நிறுவனத்தின் படைப்புகள். வசனமும் நடிப்பும் தொகுப்பும் குழுவின் படைப்புகள். இந்தக் கலப்பால் தொடக்கத்தில் சட்டத் தெளிவு இல்லாமல் இருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007இல் தன் விளையாட்டுகளைக் கொண்டு படம் எடுப்போருக்கான விதிகளை வெளியிட்டது. படத்தை விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளுடன் அது அனுமதி அளித்தது. வேறு பல நிறுவனங்களும் தத்தம் கொள்கைகளை வெளியிட்டுள்ளன. படப்பிடிப்புக்கு முன் குறிப்பிட்ட விளையாட்டின் தற்போதைய விதிகளைப் படிப்பது அவசியம். விளையாட்டுக்குள் ஒலிக்கும் பாடல்களின் உரிமை பெரும்பாலும் வேறொருவரிடம் இருக்கும். விளையாட்டு நிறுவனம் அனுமதித்தாலும் அந்தப் பாடலுக்காகப் படம் முடக்கப்படலாம். குழுவில் உள்ளவரே இசையமைத்தால் இந்தச் சிக்கல் எழாது.

குழுவுக்குள்ளும் சில கேள்விகளுக்கு முதலிலேயே விடை எழுதிக்கொள்ள வேண்டும். வருமானம் வந்தால் எப்படிப் பகிர்வது? ஒருவர் விலகினால் அவர் குரல் கொடுத்த காட்சிகள் தொடருமா? படம் பதிவேற்றப்படும் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? பணம் ஏதும் இல்லாதபோது இவற்றைப் பேசுவது எளிது. பணம் வந்தபின் பேசத் தொடங்கினால் நட்பு முறிந்துபோகலாம்.

அழிவும் காப்பும்

மஷினிமா படங்கள் எளிதில் மறைந்துபோகக் கூடியவை. குவேக் காலப் பதிவுக் கோப்புகளைப் பார்க்கப் பழைய விளையாட்டின் குறிப்பிட்ட பதிப்பு தேவை. இணையவழி விளையாட்டின் வழங்கிகள் நிறுத்தப்பட்டால் படப்பிடிப்புத் தளமே இல்லாமல் போகிறது. இவற்றைவிடப் பெரிய இழப்பு நிறுவனங்கள் கைமாறும்போது ஏற்படுகிறது.

ஹான்காக் தொடங்கிய இணையதளம் பின்னர் வேறு கைகளுக்குச் சென்று, மஷினிமா என்ற பெயரிலேயே பெரிய யூடியூப் நிறுவனமாக வளர்ந்தது. அதன் முதன்மைக் கணக்குக்கு 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தனர். 2019 ஜனவரியில், முன்னறிவிப்பின்றி அக்கணக்கில் இருந்த காணொளிகள் அனைத்தும் பொதுப் பார்வையிலிருந்து நீக்கப்பட்டன. அதில் தங்கள் படங்களைக் கொடுத்திருந்த பலருக்கு, பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் மறைந்தது. சொந்தமாகப் பிரதி வைத்திருந்தவர்கள் மட்டுமே மீண்டும் வெளியிட முடிந்தது.

ரூஸ்டர் டீத் நிறுவனமும் மூடப்படுவதாக 2024 மார்ச்சில் அதன் உரிமையாளரான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி அறிவித்தது. 21 ஆண்டுகளாக அதைச் சுற்றி வளர்ந்த ரசிகர் குழுக்கள் காணொளிகளைத் தரவிறக்கிப் பாதுகாக்கத் தொடங்கின. 2025இல் பெர்னி பர்ன்ஸ் அந்தப் பெயரைத் திரும்ப வாங்கினார்.

பாதுகாப்பு முயற்சிகளும் உண்டு. இணைய ஆவணகம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் முதலியவை இணைந்து மஷினிமாவுக்கெனத் தனித் தொகுப்பை உருவாக்கியுள்ளன. சிறிய குழுவும் தன் அளவில் இதைச் செய்யலாம். முடிந்த படம், தொகுக்கப்படாத குரல் பதிவுகள், வசன எழுத்து, பெயர்ப் பட்டியல், பயன்படுத்திய விளையாட்டின் பதிப்பு எண் ஆகியவற்றை இரு உறுப்பினர்களின் வீட்டில் தனித்தனி வன்தட்டுகளிலும், இணையத்தில் வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். உரையாடல் செயலியில் மட்டும் இருக்கும் கோப்பு, கணக்கு முடக்கப்பட்டால் கைக்கு எட்டாமல் போய்விடும்.

குழு முடிவுறும்போது

எல்லாக் குழுக்களும் நீடிப்பதில்லை. பள்ளி முடித்தவர்கள் கல்லூரிக்கும், கல்லூரி முடித்தவர்கள் வேலைக்கும் செல்கிறார்கள். விளையாட்டு பழையதாகிறது. இது தோல்வி அன்று. பொறுப்பைக் கைமாற்ற ஆள் இருந்தால் கடவுச்சொற்களையும் ஆவணங்களையும் முறையாக ஒப்படைக்கலாம். ஆள் இல்லையெனில் கடைசிப் படம் ஒன்றை முடித்து, எல்லாருக்கும் பிரதி கொடுத்து, குழுவை மூடலாம். பாதியில் கைவிடப்பட்ட குழுவில் மட்டுறுத்துநர் இல்லாத அறைகள் திறந்தே கிடக்கும். அங்கே தவறானவர்கள் நுழைய வாய்ப்பு உண்டு. ஆகவே மூடுவதும் நிருவாகியின் கடமைகளுள் ஒன்றாகும்.

1996இல் ரேஞ்சர்ஸ் அணியிடம் இருந்தவை ஒரு விளையாட்டு, மெதுவான இணைய இணைப்பு, சேர்ந்து ஆடிப் பழகிய சிலர் ஆகியவை மட்டுமே. கருவிகள் அதன்பின் பலமடங்கு வளர்ந்துவிட்டன. ஒருவர் சொல்லும் ‘ஆக்‌ஷன்’ என்ற சொல்லுக்காகப் பல ஊர்களில் சிலர் விசைப்பலகையில் கை வைத்துக் காத்திருப்பது மட்டும் மாறவில்லை.